காலை மாத்திரையை விழுங்கலாமா?

ஆபரேஷன் என்றதும் எல்லோருக்கும் கத்திதான் நினைவுக்கு வருகிறது. கத்திக்குப் பயப்படுகிறவர்கள், தினமும் விழுங்குகிற ஒரு சின்ன மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

அது ரத்தக் கொதிப்பு மாத்திரை.

ஆபரேஷன் நடக்கும் அன்று காலையில் அதை விழுங்கலாமா? கூடாதா?

பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு வீட்டில் உள்ளவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

"ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் அம்மா சொன்னாங்களே! மாத்திரையும் வேண்டாங்க" என்கிறாள் மனைவி.

"பயத்தில் இன்றைக்குத்தான் கொதிப்பு ஏறும், மாப்பிள்ளை! ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் மாமனார்.

இருவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், இருவர் பேச்சுமே ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

இது வீட்டில் முடிவு செய்கிற விஷயம் அல்ல. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்கு நோயாளி உண்மையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி கேட்க வேண்டும். பதிலைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? அதைப் புரிந்துகொள்ள, மயக்கத்தின்போது இருதயத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மயக்கத்தில் இருதயம்

இருதயம் ஒரு பம்பு. வயது வந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது அவருடைய இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்புக்குள் தள்ளுகிறது.

பம்பு ஓடினால் மட்டும் போதாது. குழாயிலும் இறுக்கம் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள். குழாய்க்குள் அழுத்தம் ஏறும். விரலை எடுத்தால் இறங்கிவிடும். ரத்தக் குழாய்களும் அப்படித்தான். அவை இறுகினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. தளர்ந்தால் இறங்குகிறது.

மயக்க மருந்து மனிதனைத் தூங்க வைப்பதோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. பல மயக்க மருந்துகள் இருதயம் சுருங்கும் வேகத்தையும் சற்றுக் குறைக்கின்றன. அதனால் ரத்த அழுத்தம் இறங்குகிறது.

விழித்திருக்கும் மனிதனுக்கு இப்படி அழுத்தம் இறங்கினால் உடம்பே சரிசெய்துகொள்ளும். கழுத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாயில் காவல்காரர்களைப் போல் நரம்புகள் இருக்கின்றன. "அழுத்தம் குறைகிறது" என்று அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே மூளை உத்தரவு போடும். இருதயம் வேகமாகத் துடிக்கும். குழாய்கள் இறுகும்.

மயக்கத்தில் அந்தக் காவல்காரர்களும் அரைத் தூக்கத்தில் இருக்கிறார்கள். அதே சமயம், மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் செருகும்போது அழுத்தமும் துடிப்பும் திடீரென்று எகிறுவதும் உண்டு. சில நிமிஷங்களுக்குள் ஒரு பள்ளம், ஒரு மேடு!

ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இருதயத்துக்கும் ரத்தம் வேண்டும் அல்லவா? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைக்கும் ஓய்வில்தான் அது பெரும்பாலும் தன் பங்கைப் பெறுகிறது. துடிப்பு மிக வேகமானால் அந்த ஓய்வு குறைகிறது. அழுத்தம் மிக இறங்கினால் வரும் ரத்தமே குறைகிறது. இரண்டும் இருதயத்தைப் பட்டினி போடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும்கூட ஆபத்துதான்.

இந்த இடத்தில்தான் காலையில் விழுங்கிய மாத்திரை, அல்லது விழுங்காமல் விட்ட மாத்திரை, தன் வேலையைக் காட்டுகிறது.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

"பிரஷர் மாத்திரை" என்று ஒரே பெயரால் சொல்கிறோம். உள்ளே இருக்கும் மருந்துகள் பல வகை.

அட்டினலால், மெட்டோபிரலால் போன்றவை ஒரு வகை. இவற்றுக்கு 'பீட்டா பிளாக்கர்' என்று பெயர். இவை இருதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

அம்லோடிபின் இன்னொரு வகை. இது ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது.

எனலாபிரில், ராமிபிரில், லொசார்ட்டன், டெல்மிசார்ட்டன் ஆகியவை வேறு வகை. ரத்தக் குழாய்களை இறுக்குவதற்கு உடம்பு தயாரிக்கும் ஒரு ரசாயனத்தை இவை மடக்கிப் போடுகின்றன. மயக்கத்தில் அழுத்தம் இறங்கும்போது உடம்புக்குக் கை கொடுப்பவற்றில் அந்த ரசாயனமும் ஒன்று. அதனால் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு மயக்கத்தில் அழுத்தம் சற்று அதிகமாகவே இறங்குவது உண்டு.

சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரைகளும் இருக்கின்றன. இவை உடம்பில் உள்ள நீரையும் உப்புகளையும் குறைக்கின்றன.

குளோனிடின் என்று ஒரு மருந்து. இதைத் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறவர் திடீரென்று நிறுத்தினால், ரத்த அழுத்தம் முன்பைவிடப் பயங்கரமாக ஏறிவிடலாம்.

ஒன்றை நிறுத்தினால் ஆபத்து. இன்னொன்றை விழுங்கினால் கவனம் தேவை. இதை மாமனாரோ மனைவியோ எப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்?

டாக்டர்களே ஒரு காலத்தில் தடுமாறினார்கள் என்பதுதான் சுவையான செய்தி. அந்தக் கதை நம் நாட்டு வேர் ஒன்றில் தொடங்குகிறது.

சர்ப்பகந்தி வேர்

சர்ப்பகந்தி என்பது நம் நாட்டு மூலிகை. அதன் வேருக்கு ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் குணம் உண்டு என்று கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1931-ம் ஆண்டில் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், தாம் கண்ட பலன்களை இங்கிலாந்தின் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து 'ரெசர்ப்பின்' என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள்.

லட்சக்கணக்கான பேர் அதைச் சாப்பிட்டார்கள். அவர்களில் சிலர் ஆபரேஷனுக்கும் வந்தார்கள். அப்போதுதான் புதுத் தொல்லை தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கியது. நாடி மெதுவானது.

காரணம் என்ன? இருதயத்தை முடுக்கும் ரசாயனத்தை நரம்புகள் தங்கள் நுனியில் சேர்த்து வைக்கின்றன. ரெசர்ப்பின் அந்தக் கிடங்கைக் காலி செய்துவிடுகிறது. அவசரத்துக்குக் கிடங்கைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை!

1956-ல் அமெரிக்க டாக்டர்கள் எச்சரித்தார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே இந்த மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. பல ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றுக்கொண்டன.

நிறுத்தியதில் வந்த வினை

மருந்தை நிறுத்தினால் ரத்தக் கொதிப்பு சும்மா இருக்குமா? மறுபடி தலை தூக்கியது.

1960-களில் வேறு டாக்டர்கள் இதைத் திரும்பச் சோதித்தார்கள். நோயாளி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்திருந்து, பக்குவமாக மயக்கம் கொடுத்தால், ரெசர்ப்பினை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்று கண்டார்கள். கிடங்கு காலியாக இருப்பது தெரிந்தால், கிடங்கை நம்பாமல் நேராக வேலை செய்யும் வேறு ஊசியைப் போடலாம் அல்லவா?

1971-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர டாக்டர்கள் பிரிஸ் ராபர்ட்ஸ், மெலோச்சி, ஃபோயெக்ஸ் ஆகிய மூவரும் ஒரு முக்கியமான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மயக்கத்தின்போது மிக மோசமாகத் தடுமாறியவர்கள் யார்? மருந்து சாப்பிட்டுக் கொதிப்பை அடக்கி வைத்திருந்தவர்கள் அல்ல. கொதிப்புக்குச் சிகிச்சையே செய்துகொள்ளாதவர்கள்தான்! அவர்களுடைய ரத்த அழுத்தம்தான் பாதாளத்துக்கு இறங்கியது. இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளங்களும் அவர்களிடம் தெரிந்தன.

பீட்டா பிளாக்கர் கதையும் இதே மாதிரிதான். பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி 1960-களில் புரோபிரனலால் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்காக 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1972-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர டாக்டர்கள், இருதய ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு இதையும் நிறுத்த வேண்டும் என்றார்கள். ஆனால், இதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி அதிகமாகலாம், மாரடைப்பே வரலாம் என்று 1975-ல் இன்னொரு ஆராய்ச்சி எச்சரித்தது. கட்டுப்பட்டிருந்த குதிரை கயிறு அறுந்ததும் ஓடுவது போல இருதயம் ஓடுகிறது!

அதனால், பீட்டா பிளாக்கரைத் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறவர் ஆபரேஷனுக்காக அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதே இன்றைய பொது விதி.

புதிதாகக் கொடுத்தால்?

"அப்படியானால் எல்லோருக்குமே அதைக் கொடுத்துவிடலாமே!" என்று ஒரு யோசனை பிறந்தது. இருதயம் அமைதியாக இருக்கும் அல்லவா?

கனடா நாட்டு டாக்டர் டெவரோ தலைமையில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 23 நாடுகள், 190 ஆஸ்பத்திரிகள், 8,351 நோயாளிகள். நம் நாடும் அதில் பங்கு பெற்றது. பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு மெட்டோபிரலால் கொடுக்கத் தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை.

2008-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் மாரடைப்பு குறைந்தது. ஆனால், பக்கவாதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 41 பேருக்கு வந்தது. சாவும் கூடியது. அங்கே 97 பேர். இங்கே 129 பேர்.

அதே மருந்து! நெடுநாளாகச் சாப்பிடுகிறவருக்கு அதை நிறுத்துவது ஆபத்து. சாப்பிடாதவருக்கு ஆபரேஷன் அன்று அதைத் தொடங்குவதும் ஆபத்து. "ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற மாமனாரின் யோசனை எவ்வளவு தவறானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

எனலாபிரில், லொசார்ட்டன் வகைகளைப் பற்றி நீண்ட நாள் விவாதம் நடந்தது. இந்த வகையில் முதலில் வந்த 'கேப்டோபிரில்', பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. பிரான்ஸ் நாட்டில் 40 ஆஸ்பத்திரிகளில், பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 2,222 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சிலர் ஆபரேஷன் அன்று வரை மாத்திரை சாப்பிட்டார்கள். சிலர் 48 மணி நேரம் முன்பே நிறுத்தினார்கள்.

2024-ல் முடிவு தெரிந்தது. சாவும் பெரிய கோளாறுகளும் இரு பக்கமும் ஒரே அளவுதான். நூற்றுக்கு 22 பேர். ஆனால், ஆபரேஷன் நடக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கியது சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு. நிறுத்தியவர்களில் 41 பேருக்கு. ஆகவே, இந்த வகையில் ஆளைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் தினமும் ஆபரேஷன் நடக்கிறது. அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்கு மருந்து உண்டு. ஏறினால் இறக்குவதற்கும் உண்டு. மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து, நாடியையும் அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்.

ஆனால், அவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

பலர் மறைக்கிறார்கள். "கொதிப்பு இருக்கிறது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப் போடுவார்களே" என்ற கவலை. இது வீண் கவலை. கொதிப்பு கொஞ்சம் இருந்தாலே தள்ளிப் போடுவது இல்லை. வெளிநோயாளியாக வந்து பார்க்கும்போது அழுத்தம் 180-க்கு 110-ஐ விடக் குறைவாக இருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனையும் நடத்தலாம் என்று இங்கிலாந்து டாக்டர்களின் சங்கங்கள் 2016-ல் வழிகாட்டின.

பலருக்கு மாத்திரையின் பெயரே தெரியாது. "சின்ன மாத்திரை, ரோஸ் கலர்" என்கிறார்கள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் சொந்த ஊரில் இருப்பார். ஆபரேஷன் பட்டணத்தில் நடக்கும். கம்பெனிக்கு ஒரு பெயரில் மாத்திரை வருகிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. நிறத்தை வைத்து எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்?

மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுபோவதுதான் சுலபமான வழி. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். ரெசர்ப்பின் பிறந்ததே ஒரு வேரில்தான் என்பதை மறக்கக் கூடாது.

விபத்தில் அடிபட்டு அவசர ஆபரேஷனுக்குப் போகிறவரால் பேசக்கூட முடியாமல் போகலாம். மாத்திரைப் பெயர்களை எழுதிய ஒரு சீட்டு அவருடைய பர்ஸில் இருந்தால், அது அவருக்காகப் பேசும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருப்பது நல்லது.

ஆஸ்பத்திரியின் கடமை

எல்லாப் பொறுப்பையும் நோயாளியின் தலையில் சுமத்துவது நியாயம் அல்ல.

"ஒன்றும் சாப்பிடாமல் வா" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அந்த உத்தரவு சாப்பாட்டுக்கு. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. ஆனால், கேட்கிறவர் அதை மாத்திரைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். அது அவர் குற்றமா? பாதி சொல்லி அனுப்பியவர்களின் குற்றம் அல்லவா?

டாக்டர் விழுங்கச் சொன்ன மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்க, சாதாரணமாகத் தடை இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

"கூட்டம் அதிகம், நேரம் இல்லை" என்று ஆஸ்பத்திரியில் சொல்லலாம். அது உண்மைதான். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியாது. அதனால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது. வாயால் சொன்னது படி இறங்குவதற்குள் மறந்துவிடும். காகிதம் வீடு வரை வரும்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு மாத்திரையின் பெயர். அதற்கு எதிரே, "அன்று காலையில் சாப்பிடு" அல்லது "சாப்பிடாதே". எந்த நாளிலிருந்து நிறுத்த வேண்டும், ஆபரேஷன் முடிந்து எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்ற விவரம். இவ்வளவுதான். அதுவும் நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அவசரக் கிறுக்கலைப் பேரப்பிள்ளையாலும் படிக்க முடியாது.

கடைசி விவரம் மிக முக்கியம். ஆபரேஷனுக்காக நிறுத்திய மாத்திரையை வீடு திரும்பிய பிறகும் தொடங்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தையல் ஆறிவிடும், கொதிப்பு உள்ளுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்.

காகிதம் கொடுக்கவில்லையா? நோயாளியே கேட்டு வாங்க வேண்டும். "டாக்டர், இந்த மாத்திரையை அன்று காலையில் சாப்பிடலாமா? இதிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று மாத்திரை அட்டையை நீட்ட வேண்டும். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் அதற்குச் சந்தோஷப்படுவார்.

சர்ப்பகந்தி வேர் முதல் பிரான்ஸ் சோதனை வரை, இந்த ஒரு கேள்விக்கு விடை தேட மருத்துவ உலகுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையை நோயாளியின் கையில் சேர்க்க ஒரு துண்டுக் காகிதமும் இரண்டு நிமிஷமும் போதும். அதை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் நியாயம் இல்லை. கேட்காமல் விட எந்தக் குடும்பத்துக்கும் காரணம் இல்லை.